ஜி1 சொட்டு மருந்து, ஜி9 வைரஸ்: கொடுத்தது வீணா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். போன ஜூன் மாதம் ஒரு நாள் இரவு காய்ச்சல், விடிவதற்குள் ஏழெட்டு வாந்தி, அப்புறம் நிற்காத தண்ணீர்ப் பேதி. மருத்துவமனையில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் பையன் கண் திறந்து பார்த்திருக்கிறான். ரோட்டா வைரஸ் என்றார்கள். 6 வாரத்திலும் 14 வாரத்திலும் கிளினிக்கில் தவறாமல் அதற்கான சொட்டு மருந்து கொடுத்த பிள்ளைக்கு ஏன் இப்படி என்பதுதான் கடிதத்தின் முதல் கேள்வி.

ஆராய்ச்சிக்காக மலம் வாங்கிப்போன நர்ஸ் பின்னர் ஒரு தகவல் சொன்னாராம்: வந்தது 'ஜி9பி8' வகை. கணவர் இணையத்தில் தேடி, கொடுத்த மருந்து 'ஜி1பி8' வகையிலிருந்து செய்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். "வேறு பூட்டுக்குச் செய்த சாவியைக் கொடுத்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்பது அவர் முடிவு. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு ஒரு சொட்டும் கொடுக்கவில்லை, அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவர் காட்டும் சாட்சி. மாமியாரோ இது பல் முளைக்கிற பேதிதான் என்று சொல்லி, நான்கு நாள் தாய்ப்பாலை நிறுத்தி ஓமத் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்கச் சொன்னாராம். வாசகி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி, அக்டோபர் நடுவில் பிரசவம். "இரண்டாவது குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கவா, வேண்டாமா? சொட்டு மருந்து கொடுத்த அன்று நான் பால் கொடுத்ததால்தான் அது வேலை செய்யவில்லையோ?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் விட அதுதான் உங்களை அரிக்கிறது என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. நீங்கள் பால் கொடுத்ததால் மருந்து கெடவில்லை. தாய்ப்பாலில் ரோட்டா வைரஸுக்கு எதிரான பொருட்கள் இருப்பது உண்மை. அதனால் இந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கே வந்தது. நம் தென்னாப்பிரிக்காவிலேயே, சொவெட்டோவில், ஒரு பகுதித் தாய்மார்களைச் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பால் கொடுக்காமல் இருக்கச் சொல்லி, மற்றவர்களை வழக்கம்போலக் கொடுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014இல் அந்த முடிவு வெளியானது. குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியில் வேறுபாடு இல்லை. ஆகவே அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்த குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்த கையோடு பால் கொடுக்கலாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையைக் கையில் வைத்திருப்பவருக்கு, முழு விவரத்தையும் பொறுமையாகச் சொல்வதுதான் மரியாதை. அதனால் வைரஸின் வெளி உடம்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தப் பகுதியை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

ஜி, பி என்ற இரண்டு எழுத்துகள்

ரோட்டா வைரஸுக்கு மூன்று அடுக்கு. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ரூத் பிஷப்பும் உடன் வேலை செய்தவர்களும் பேதியால் வாடிய குழந்தைகளின் குடல் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இந்த வைரஸைக் கண்டார்கள். வட்டமாக, ஆரக்கால் வைத்த சக்கரம் போலத் தெரிந்ததால் லத்தீனில் சக்கரம் என்ற பொருளில் 'ரோட்டா' என்ற பெயர் அடுத்த வருடம் வந்தது.

உள் அடுக்குக்குள் 11 துண்டு மரபுப் பொருள். அதன்மேல் நடு அடுக்கு. அதற்கும் மேலே வெளி அடுக்கு. இந்த வெளி அடுக்கில் இருப்பது இரண்டே புரதம். ஒன்று விபி7. பலாப்பழத்தின் தோல் போல முழுவதையும் மூடியிருப்பது. 780 துணுக்குகள், மூன்று மூன்றாகக் கைகோத்து நிற்கின்றன. இன்னொன்று விபி4. அந்தத் தோலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 60 முட்கள். 'ஜி' என்ற எழுத்து தோலின் ரகம், 'பி' என்ற எழுத்து முள்ளின் ரகம். உங்கள் மகனுக்கு வந்ததில் தோல் 9ஆம் ரகம், முள் 8ஆம் ரகம். மருந்தில் இருப்பது தோல் 1ஆம் ரகம், முள் அதே 8.

அதாவது முள் ஒன்றேதான். உங்கள் கணவர் 'வேறு வைரஸ்' என்று சொன்னபோது தோலை மட்டும் பார்த்திருக்கிறார்.

தோலும் முள்ளும் தனித்தனி மரபுத் துண்டிலிருந்து வருபவை. ஒரே குழந்தையின் குடலில் இரண்டு ரக வைரஸ் ஒரே நேரத்தில் புகுந்தால், இதன் தோலையும் அதன் முள்ளையும் எடுத்துக்கொண்டு புதுச் சேர்க்கை பிறக்கும். வேட்டி ஒரு கடையிலும் சட்டை இன்னொரு கடையிலும் எடுப்பது போல. அதனால்தான் ஊருக்கு ஊர், குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ரகம் மாறுகிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பும் இங்கே இப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது.

வெட்டுப்பட்டால்தான் முள்ளுக்கு வீரியம்

இந்த முள் செய்கிற வேலை எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாக இருக்கும். வைரஸ் குழந்தையின் வாய்க்குள் போகும்போது முட்கள் தொளதொளவென்று இருக்கின்றன. அந்த நிலையில் அது பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சிறுகுடலுக்கு வந்ததும், நாம் தின்ற புரதத்தைச் செரிக்கக் கணையம் சுரந்து அனுப்பும் டிரிப்சின் அந்த முள்ளை வெட்டுகிறது. வெட்டினால் முள் அழிய வேண்டும் அல்லவா? மாறாக, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே விறைத்து நிமிர்ந்து நிற்கின்றன. நம் செரிமானச் சாறே அதன் ஆயுதத்தைக் கூராக்கிக் கொடுக்கிறது. பல வருடம் மனித ரோட்டா வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியாமல் திண்டாடியவர்கள், டிரிப்சினைச் சேர்த்த பிறகே அதை வளர்க்க முடிந்தது.

வெட்டுப்பட்ட முள்ளின் நுனித் துண்டு, குடல் செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் என்பது முள்ளின் ரகத்தைப் பொறுத்தது. இதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கதைக்கு வைத்திருக்கிறேன். செல் வைரஸை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. இங்கேதான் தோல், அதாவது விபி7, தன் பங்கைச் செய்கிறது. அதன் துணுக்குகளைக் கைகோத்து வைத்திருப்பது கால்சியம். பைக்குள் கால்சியம் குறைந்ததும் பிடி தளர்ந்து தோல் கழன்றுவிடும். தோல் விலகியதும் முள்ளின் அடித்துண்டு அப்படியே மடங்கித் திரும்புகிறது. டர்பன் கடற்கரைக் காற்றில் குடை வெளிப்புறமாக மடங்குமே, அதே மாதிரி. அந்த மடங்கலில் பையின் சவ்வு கிழிகிறது. தோலும் முள்ளும் இல்லாத இரண்டடுக்கு உருண்டை செல்லுக்குள் விழுந்து, தன்னை நகல் எடுக்கத் தொடங்குகிறது.

வெளி அடுக்கு இல்லாத வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. வெளி அடுக்கைக் கழற்றாத வைரஸ் உள்ளே போயும் வேலை செய்ய முடியாது. செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம், வீட்டுக்குள் வர வாசலில் விட்டாக வேண்டும் என்ற நம் வீட்டு விதிதான் அதற்கும். உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேறுவதற்குள் மறுபடி தோலும் முள்ளும் போட்டுக்கொள்கின்றன.

நடுவில் ஒரு செய்தி. இந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு 'எஸ்ஏ11' என்ற வைரஸை வைத்து நடந்தது. 1958இல் இதே தென்னாப்பிரிக்காவில் ஹூபர்ட் மல்ஹெர்பே ஒரு வெர்வெட் குரங்கிடமிருந்து பிரித்தெடுத்தது அது. ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே, அந்தக் குரங்கேதான். அன்று அது ரோட்டா வைரஸ் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பெயரே பிறக்கவில்லை. இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதை வளர்க்கிறார்கள்.

அப்படியானால் ஜி1 மருந்து ஜி9-ஐ எப்படித் தடுக்கும்?

உங்கள் கணவர் சொன்ன பூட்டு-சாவி உவமை, உடம்பின் காவல் ஒரே இடத்தில் நிற்கிறது என்று நினைத்துச் சொன்னது. உண்மையில் அது பல இடங்களில் நிற்கிறது. ஒரு வகை எதிர்ப்புப் பொருள் முள்ளின் நுனியை மூடி, செல்லைப் பிடிக்கவிடாமல் செய்யும். மருந்திலும் நோயிலும் முள் ஒரே ரகம் என்பதால் இந்தக் காவல் ஜி9பி8-க்கும் பொருந்தும். இன்னொரு வகை தோலைப் பற்றிக்கொண்டு, கால்சியம் குறைந்தாலும் அது கழலாதபடி கட்டிப்போடும். வைரஸ் செருப்பைக் கழற்ற முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். தோலின் ரகம் மாறினால் பலவீனமாவது இந்தக் காவல்தான். மூன்றாவது, நடு அடுக்கின் மீது உண்டாகும் எதிர்ப்புப் பொருள். நடு அடுக்கு ரகத்துக்கு ரகம் அவ்வளவாக மாறாது. இந்த எதிர்ப்புப் பொருள் வைரஸ் நுழைவதைத் தடுப்பதில்லை, ஆனால் உடம்பில் நிறைய உண்டாகிறது. செல்லுக்குள் போன வைரஸை அங்கேயே அமுக்க வல்லது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின.

இதற்கெல்லாம் முன்பே இயற்கையைப் பார்த்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. மெக்சிகோ சிட்டியில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை பின்தொடர்ந்து, 1996இல் வெளியிட்டார்கள். ரோட்டா தொற்று இரண்டு முறை வந்துபோன பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதன்பின் இந்த வைரஸால் கடுமையான பேதி வரவில்லை. ஒவ்வொரு தொற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் காவலைப் பெருக்குகிறது. சொட்டு மருந்து செய்வது இதைத்தான்: முதல் இரண்டு தொற்றையும் வீரியம் குறைத்த வைரஸால், பிள்ளை படுக்கையில் விழாமல், கடக்கவைப்பது.

நம் நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தைத் தென்னாப்பிரிக்காவிலும் மலாவியிலும் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியை இங்கே 76.9 சதவீதமும் மலாவியில் 49.4 சதவீதமும் குறைத்தது. ஜி1 ரகத்துக்கும் மற்ற ரகங்களுக்கும் பாதுகாப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2009 ஆகஸ்டில் இதைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த முதல் ஆப்பிரிக்க நாடு நம்முடையது.

இந்த 76.9-ஐப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு பிள்ளைகளில் 77 பேருக்கு இரும்புக் கவசம், 23 பேருக்கு ஒன்றுமில்லை என்று பொருள் அல்ல. மருந்து இல்லாவிட்டால் கடும் பேதியில் விழக்கூடிய ஒவ்வொரு நான்கு பிள்ளைகளில் சுமார் மூன்று பேர் தப்புகிறார்கள் என்று பொருள். உங்கள் மகன் அந்த நான்காவது பிள்ளை. பாதுகாப்பு இரண்டாவது வருடத்தில் கொஞ்சம் தளர்வதும் உண்டு, அவன் அந்த வயதைத்தான் தொட்டிருந்தான். இதில் உங்களுடைய பிழை எதுவும் இல்லை. மருந்துக்கு இருக்கும் எல்லை அது. அந்த எல்லையைச் சொட்டு கொடுக்கும் அன்றே கிளினிக்கில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் உங்கள் கணவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வந்திருக்காது. அவர் கோபத்தின் அந்தப் பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது.

2009க்கு முந்தைய குளிர்காலங்களில் குழந்தைகள் வார்டில் வேலை செய்தவன் நான். மே மாதம் தொடங்கினால் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் என்று டிரிப்ஸ் ஓடும். அந்த நெரிசல் இப்போது இல்லை. பிழைத்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என்று எங்கும் ஒட்டிவைப்பதில்லை. அதனால் மருந்து தவறிய ஒரு வீட்டுக்கு அது தவறியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பக்கத்து வீட்டுக் குழந்தை

மருந்தே கொடுக்காத அந்தப் பெண் குழந்தை தப்பியதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வைரஸ் அவளை இன்னும் வந்தடையவில்லை. இரண்டு, வந்துபோயிருக்கிறது, லேசான பேதியாக யாரும் கவனிக்காமல். மூன்றாவதுதான் முள்ளின் கதை.

உங்கள் கணவர் 'ரத்த வகையால் தப்பியிருப்பாளோ' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நல்ல கேள்வி, பார்க்கிற இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. ஏ, பி, ஓ என்று அட்டையில் எழுதும் ரத்த வகை இங்கே பெரிதல்ல. அந்த வகைச் சர்க்கரைகளை எச்சிலிலும் குடல் சுவரிலும் ஒருவர் சுரக்கிறாரா இல்லையா என்பதே முக்கியம். இதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. பல நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சுரப்பு இல்லை. பி8 முள்ளுக்குப் பிடித்துக்கொள்ள அந்தச் சர்க்கரை வேண்டும். இல்லாத குடலில் பி8 வைரஸ் காலூன்றுவது கடினம். ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் பி6 முள்ளுக்கு வேறு சர்க்கரை போதும், ஆகவே சுரப்பு இல்லாதவருக்கும் எல்லா ரோட்டாவிலிருந்தும் விடுதலை கிடையாது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மருந்தில் இருக்கும் வைரஸுக்கும் பி8 முள்தான். அது பிடிக்காத குடலில் மருந்தும் சரியாகப் பிடிப்பதில்லை.

இதற்காக உங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை செய்ய வேண்டாம். வீட்டில் எடுக்கும் எந்த முடிவையும் அது மாற்றாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஒரு குளிர்காலம் தப்பியது அடுத்த குளிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை.

மாமியாரின் கஞ்சியும் உங்கள் சோப்பும்

பல் முளைப்பதால் இப்படிப்பட்ட பேதி வராது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பல்லும் முளைக்கும், ரோட்டாவும் வரும். இரண்டும் ஒரே வயதில் வருவதால் முடிச்சுப் போட்டுவிட்டோம். ஆனால் உங்கள் மாமியார் உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கச் சொன்னது நல்ல யோசனை, அதை அவரிடம் சொல்லுங்கள். தவறு தாய்ப்பாலை நிறுத்தியதில்தான். வாந்திக்கு நடுவிலும் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். குறைந்த அளவில் அடிக்கடி கொடுங்கள். ஓமத் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் இழந்த உப்பையும் நீரையும் அது ஈடு செய்யாது.

பேதி ஏன் அவ்வளவு தண்ணீராகப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். வைரஸ் குடல் செல்களைச் சிதைக்கிறது, அது ஒரு காரணம். தவிர, உள்ளே பெருகும்போது என்எஸ்பி4 என்ற புரதத்தை நஞ்சு போலச் சுரந்து, குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே தள்ளவைக்கிறது. ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டியதும் உப்பும் நீரும்தான். கிளினிக்கில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகமாகக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் திரும்பத் தொடங்குங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸிடம் பலிக்காது. துத்தநாக மருந்து எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நர்ஸிடம் கேளுங்கள்.

கண் குழிந்து போதல், அழுதும் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, மலத்தில் ரத்தம், எழுப்ப எழுப்பத் தூங்கி விழுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள், இரவாக இருந்தாலும் கிளம்புங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.

சோப்பைப் பற்றி: கொரோனா காலத்தில் 'சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும்' என்று படித்ததை இங்கேயும் நம்பியிருக்கிறீர்கள். ரோட்டாவுக்குக் கொழுப்பு உறையே இல்லை. மேலே சொன்ன புரதத் தோல்தான், அது நாள் கணக்கில் மேசையிலும் கைப்பிடியிலும் தாக்குப்பிடிக்கும். நோயுற்ற பிள்ளையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் வைரஸ் இருக்கலாம், தொற்றுவதற்கு நூற்றுக்கும் குறைவானவை போதும். ஆகவே இங்கே சோப்பின் வேலை கரைப்பதல்ல, கழுவி இறக்குவது. ஓடும் தண்ணீரில், நகக்கண் வரை, தேய்த்துக் கழுவுங்கள். நாப்கின் மாற்றும் இடத்தை முதலில் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் தண்ணீர் கலந்த ஜிக் ப்ளீச்சால் துடையுங்கள். அழுக்கின் மேல் ஜிக் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே போய்விடும்.

அக்டோபர் குழந்தைக்கு

முடிவெடுக்கும் உரிமை உங்கள் இருவருடையது. யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: கொடுங்கள்.

அபாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் 'குடல் செருகல்' என்ற கோளாறுதான் இந்த மருந்தில் எல்லோரும் கண்காணிப்பது. இதற்கு முந்தைய வேறொரு ரோட்டா மருந்தை அமெரிக்காவில் 1999இல் இதே காரணத்தால் திரும்பப் பெற்றார்கள். இப்போதுள்ள மருந்துகளில், பணக்கார நாடுகளில், லட்சம் குழந்தைகளில் ஒருவர் முதல் ஐந்தாறு பேர் வரை கூடுதலாக இது வரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே, மலாவி, கென்யா உட்பட 7 நாடுகளில் தேடி 2018இல் வெளியிட்டபோது, மருந்தால் அது கூடியதாகத் தெரியவில்லை. என்றாலும் முதல் சொட்டுக்குப் பின் ஒரு வாரம் கவனியுங்கள். விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிடுதல், பச்சை வாந்தி, ஜெல்லி போல ரத்தம் கலந்த மலம், இவை வந்தால் உடனே மருத்துவமனை. முன்பே குடல் செருகல் வந்த குழந்தைக்கும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி மிகக் கடுமையாகக் குறைந்த குழந்தைக்கும் இந்த மருந்து கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சொட்டுக்குப் பின் சில நாள் குழந்தையின் மலத்தில் மருந்து வைரஸ் வெளியேறும். நாப்கின் மாற்றியதும் கை கழுவினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணனுக்கு ஒரு முறை வந்துவிட்டதே, இனி வருமா என்றால், வரலாம். ஆனால் இரண்டு சொட்டும் ஒரு நிஜத் தொற்றும் கடந்த குடல் அவனுடையது, மறுமுறை இவ்வளவு கடுமையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவன் பள்ளியிலிருந்தோ விளையாட்டுத் தோழர்களிடமிருந்தோ வீட்டுக்குக் கொண்டுவரப்போகும் வைரஸ்தான் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. அதனால்தான் நாள் தவறாமல் கொடுப்பது முக்கியம். அக்டோபர் நடுவில் பிறந்தால் ஆறாவது வாரம் நவம்பர் கடைசி, பதினான்காவது வாரம் ஜனவரி பின்பாதி. மே மாதக் குளிர் வருவதற்குள் இரண்டும் முடிந்து உடம்பு தயாராகிவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் இங்கே 24 வாரத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அது ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும்.

உங்கள் மகனுக்கு 18 மாதத் தடுப்பூசியும் அந்த நவம்பரில்தான் வருகிறது. இரண்டு பேருடைய ரோட் டு ஹெல்த் தடுப்பூசிப் புத்தகத்தையும் ஒரே பையில் வையுங்கள். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேள்விகளை நர்ஸிடம் நேரிலேயே கேட்கட்டும்.